பரிணாமம் உயிர்களைச் சிக்கலாக்கிக்கொண்டே போகிறதா?

கேள்வி இதுதான்: முதலில் ஒற்றைச் செல் உயிர், பிறகு புழு, மீன், பாலூட்டி என்று வரிசை போகிறது. அப்படியானால் சிக்கல் கூடுவதுதான் பரிணாமத்தின் போக்கா? ஆம் என்றால் பாக்டீரியா ஏன் இன்னும் பாக்டீரியாவாகவே இருக்கிறது? குருட்டாம்போக்கில் நடக்கும் மரபணு மாற்றங்களிலிருந்து இத்தனை நுட்பமான அமைப்புகள் எப்படி வரும்?

சுருக்கமாகச் சொன்னால், ஒவ்வொரு காலத்திலும் இருந்த மிகச் சிக்கலான உயிரை மட்டும் எடுத்து ஒப்பிட்டால் சிக்கல் கூடியிருக்கிறது. பெரும்பான்மை உயிர்கள் எளியவையாகவே இருக்கின்றன. ஏதேனும் ஒரு கிளையைப் பின்தொடர்ந்தால் சிக்கல் கூடுவதும் உண்டு, குறைவதும் உண்டு, கோடிக்கணக்கான ஆண்டுகள் அசையாமல் நிற்பதும் உண்டு. கூடிய இடங்களிலும் அது ஏதோ பயனுக்காகத்தான் கூடியது என்று சொல்லிவிட முடியாது. இந்தக் கடைசிச் செய்தி பாடநூல்களில் அதிகம் வருவதில்லை என்பதால் அதற்கே இங்கு அதிக இடம் தருகிறேன்.

முதலில், எதை எண்ணுகிறோம்? டி.என்.ஏ.வின் நீளம் இதற்கு உதவாது. மனிதனின் மரபணுத்தொகை, அதாவது ஒரு செல்லின் முழு டி.என்.ஏ. தொகுப்பு, சுமார் 310 கோடி எழுத்து (டி.என்.ஏ.வின் ஒவ்வோர் அலகும் ஓர் எழுத்து). வெங்காயத்தினுடையது சுமார் 1,600 கோடி. நியூ கலிடோனியாவில் வளரும் டிமெசிப்டெரிஸ் ஒப்லான்சியோலேட்டா என்ற சிறிய பெரணிவகைத் தாவரம் 16,000 கோடி எழுத்துகள் கொண்டது என்று 2024-இல் அளந்து சொன்னார்கள். மனிதனைப்போல் ஐம்பது மடங்கு. எதிர்முனையில், நீரில் வாழும் பூச்சியுண்ணும் தாவரமான யூட்ரிகுலேரியா கிப்பா வெறும் 8.2 கோடி எழுத்துகளுக்குள் சுமார் 28,500 மரபணுக்களை அடக்கி வைத்திருக்கிறது. மரபணு எண்ணிக்கையும் கைகொடுக்காது. சீனோராப்டிடிஸ் எலெகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழுவில், இனப்பெருக்கச் செல்களை விட்டுவிட்டு எண்ணினால், இருப்பவை 959 செல்கள். அதன் புரத மரபணுக்கள் சுமார் 20,000. நமக்கும் ஏறத்தாழ அவ்வளவே.

ஆகவே ஆய்வாளர்கள் பெரும்பாலும் மூன்றை எண்ணுகிறார்கள்: எத்தனை வகைச் செல்கள், ஒன்றிலிருந்து ஒன்று வேறுபட்ட எத்தனை உறுப்புகள், ஒன்றுக்குள் ஒன்றாக எத்தனை அடுக்குகள். அடுக்கு என்பது, பாக்டீரியா போன்ற செல், அப்படிப்பட்ட செல்லை உள்ளடக்கிய, உட்கருவும் கொண்ட யூகேரியோட் செல், அத்தகைய செல்கள் சேர்ந்த உடல், உடல்கள் சேர்ந்த எறும்புக் குடியிருப்பு என்ற ஏறுவரிசை. இந்த மூன்றும் ஒன்றாகவே நகர வேண்டும் என்பதில்லை. ஆதிகால எலும்பு மீன்களின் தலையோட்டில் நம்முடைய 22-ஐவிட நிறைய எலும்புகள் இருந்தன. பாலூட்டி வரும்வரை அந்த எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. நம் கீழ்த்தாடையின் ஒவ்வொரு பக்கமும் ஒரே எலும்பால் ஆனது. ஊர்வனவற்றில் தாடை மூட்டாக இருக்கும் இரண்டு எலும்புகள் நமக்கு நடுச்செவியில் சுத்தி எலும்பாகவும் பட்டடை எலும்பாகவும் இருக்கின்றன. இதைக் கருவளர்ச்சியை வைத்து 1837-இலேயே ஜெர்மன் உடற்கூற்றியலாளர் ரைக்கெர்ட் கண்டுசொன்னார். தாடை எளிமையானது, காது சிக்கலானது. மொத்தத்தில் கூடியதா குறைந்ததா என்ற கேள்வி இங்கே அர்த்தமிழக்கிறது.

உச்சம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. சுமார் 350 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளில் நுண்ணுயிர்ப் படிவுகள் மட்டுமே. யூகேரியோட் செல்லின் தெளிவான தொல்லெச்சங்கள் ஏறக்குறைய 160 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து கிடைக்கின்றன. வெவ்வேறு வேலைக்கென்று செல்கள் பிரிந்திருக்கும் பாங்கியோமார்ஃபா என்ற சிவப்புப் பாசி கனடாவின் சுமார் 105 கோடி ஆண்டுப் பாறையில் இருக்கிறது. பெரிய விலங்குடல்கள் 57 கோடி ஆண்டுகளை ஒட்டித்தான் வருகின்றன. உடலளவை மட்டும் எடுத்து ஜோனதன் பெய்ன் குழுவினர் 2009-இல் வெளியிட்ட கணக்கில், மிகப்பெரிய உயிரியின் கன அளவு மொத்தமாக 16 பத்தடுக்குகள் (1-க்குப் பின் 16 சுழியங்கள் கொண்ட மடங்கு) உயர்ந்திருந்தது. அந்த உயர்வு சீராக வரவில்லை. பெரும்பகுதி இரண்டே தாவல்களில், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து லட்சம் மடங்காக வந்தது: ஒன்று யூகேரியோட் செல் வந்ததை ஒட்டி, மற்றது பலசெல் உடல்கள் வந்ததை ஒட்டி. இரண்டுக்கும் முன்னதாக வளிமண்டலத்தில் ஆக்சிஜன் கூடியிருந்தது.

உச்சம் உயர்வதற்கு மேல்நோக்கித் தள்ளும் விசை எதுவும் தேவையில்லை என்பதை 1990-களில் தொல்லுயிரியலாளர் ஸ்டீஃபன் ஜே கூல்ட் அழுத்தமாக வாதிட்டார். உயிர் எவ்வளவு எளிமையாக இருக்கலாம் என்பதற்குக் கீழே ஒரு சுவர் இருக்கிறது. 2016-இல் செயற்கையாகக் குறைத்துக் கட்டிய ஜே.சி.வி.ஐ. சின் 3.0 செல்லில் 473 மரபணுக்கள். ஊட்டச்சத்து முழுவதையும் வெளியிலிருந்து கொடுத்தும் அதற்குக் கீழே இறங்குவது கடினமாக இருந்தது. உயிர் இந்தச் சுவரை ஒட்டித் தொடங்கியது. அங்கிருந்து எந்தத் திசையிலும் தற்செயலாக நகரலாம் என்று வைத்துக்கொண்டாலும், சுவருக்கு அந்தப்பக்கம் போக முடியாது. எனவே காலம் செல்லச் செல்லச் சில கிளைகள் தூரப் போயிருக்கும், கூட்டம் சுவரருகிலேயே நிற்கும். இன்றைய நிலை அப்படித்தான் இருக்கிறது. 2018-இல் வெளிவந்த உயிர்த்திணிவுக் கணக்கில் புவியின் உயிர்க் கார்பன் சுமார் 550 கிகா டன் (ஒரு கிகா டன் 100 கோடி டன்). அதில் 450 தாவரங்களுடையது என்றாலும், பாக்டீரியா 70, விலங்குகள் அனைத்தும் சேர்த்து 2 மட்டுமே.

பாக்டீரியா ஏன் அப்படியே இருக்கிறது என்பதற்கும் இதிலேயே விடை உண்டு. அது பின்தங்கி நிற்கவில்லை. நமக்கு எவ்வளவு காலம் கடந்ததோ அவ்வளவே அதற்கும் கடந்திருக்கிறது. கடலில் மிகப் பெருந்தொகையாக வாழும் பெலாஜிபேக்டர் தன் மரபணுத்தொகையை 13 லட்சம் எழுத்தாகச் சுருக்கிக்கொண்டே வெற்றி பெற்றிருக்கிறது. சத்துக் குறைந்த நீரில் குறைந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் கொண்டு இரட்டிக்க முடிவது அதற்கு ஆதாயம்.

ஆனால் "எல்லாம் தற்செயல் பரவல்" என்று முடித்துவிடுவதும் அவசரம். ஒரு குழுவில் சிக்கல் கூடியிருந்தால், அது வெறும் பரவலா, உண்மையான தள்ளுவிசையா என்று சோதிக்க டேனியல் மக்ஷே 1994-இல் மூன்று வழிகளை வகுத்தார். முதலில், காலப்போக்கில் குழுவின் குறைந்தபட்சச் சிக்கல் உயர்கிறதா என்று பாருங்கள். உச்சம் மட்டும் உயர்ந்து அடிமட்டம் அப்படியே இருந்தால் பரவல். அடிமட்டமும் உயர்ந்தால் விசை இருக்க வாய்ப்பு. அடுத்து, முன்னோர்-வழித்தோன்றல் இணைகளை எடுத்து எத்தனை கூடின, எத்தனை குறைந்தன என்று எண்ண வேண்டும். சுவரை ஒட்டிய இணைகளை இதில் சேர்க்கக் கூடாது, அவற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. மூன்றாவதாக, பெருங்குழுவில் சுவரிலிருந்து வெகுதூரம் போய்விட்ட ஓர் உட்குழுவை மட்டும் பிரித்து அதன் பரம்பல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும். அங்கேயும் அதிகச் சிக்கலை நோக்கிய வலப்பக்க வால் நீண்டிருந்தால் விசைக்கு ஆதரவு.

முடிவுகள் குழுவுக்குக் குழு மாறின. பாலூட்டிகளின் முதுகெலும்புத் தொடரில், ஒரு முள்ளெலும்பு அடுத்ததிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்று மக்ஷே அளந்தபோது, கூடுவதற்கும் குறைவதற்கும் இடையே சாய்வு தெரியவில்லை. பேலியோசோயிக் காலத்தில் (சுமார் 54 முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்) வாழ்ந்த அம்மோனைட் என்ற அழிந்துபோன கடலுயிர் இனங்களின் ஓட்டில் அறைச்சுவர் சேரும் மடிப்புக்கோட்டை அளந்த 1999 ஆய்வில், வழித்தோன்றல்கள் முன்னோரைவிடச் சிக்கலாவதற்கான வாய்ப்பு இருமடங்குக்கும் மேல். ஓட்டுடலிகளின் (நண்டு, இறால் வகை) கால்கள் எவ்வளவு வகைப்பட்டிருக்கின்றன என்று பார்த்த 2008 ஆய்விலும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல கிளைகள் ஒரே திசையில், கூடுதல் வகைப்பாட்டை நோக்கி, நகர்ந்திருந்தன. ஆகவே விசை சில இடங்களில், சில அளவுகளில் உண்டு, பொதுவிதியாக இல்லை.

இனி, சிக்கல் எங்கிருந்து வருகிறது என்ற பகுதி. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி இதைத் தடுக்கிறது என்று சிலர் சொல்வதற்குப் பதில் ஒரு வரிதான்: ஒழுங்கின்மை குறையாது என்ற அந்த விதி வெளியோடு ஆற்றல் பரிமாற்றமே இல்லாத தனித்த அமைப்புக்கானது, புவி சூரியனிடமிருந்து ஆற்றல் வாங்கி வெப்பமாக வெளியே விடுகிறது.

புதிய பகுதிகளின் முக்கிய ஊற்று இரட்டிப்பு. ஒரு மரபணு தவறுதலாக இரண்டு பிரதியானால், ஒன்று பழைய வேலையைப் பார்க்க, மற்றொன்று மாறுவதற்குத் தடை தளர்கிறது. சுசுமு ஓனோ 1970-இல் இதை விரிவாக முன்வைத்தார். முழு மரபணுத்தொகையே இரட்டிப்பதும் உண்டு. முதுகெலும்பற்ற விலங்குகள் பலவற்றில் உடலின் முன்-பின் வரிசையை வகுக்கும் ஹாக்ஸ் மரபணுக்கள் ஒரே தொகுப்பாக இருக்கின்றன. நம்மிடம் நான்கு தொகுப்புகளில் 39. முதுகெலும்பிகளின் தொடக்கத்தில் நடந்த முழு இரட்டிப்புகளின் எச்சம் இது. பெரும்பாலான பிரதிகள் கெட்டுப் போய் மறைந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. தங்குபவை சிறுபான்மை.

இது கண்ணெதிரே நடந்த உதாரணமும் இருக்கிறது. ரிச்சர்ட் லென்ஸ்கி 1988-இல் ஈ. கோலை பாக்டீரியாவின் 12 குடுவைகளைத் தொடங்கினார். ஊடகத்தில் குளுக்கோஸுடன் சிட்ரேட்டும் இருந்தது. ஆக்சிஜன் உள்ள இடத்தில் ஈ. கோலையால் சிட்ரேட்டை உள்ளே எடுக்க இயலாது. ஏறத்தாழ 31,500-ஆம் தலைமுறையில் ஒரே ஒரு குடுவையில் அந்தத் திறன் தோன்றியது; 33,000-ஐ ஒட்டி அந்தக் குடுவை கலங்கி அடர்த்தியானது. சிட்ரேட்டைக் கடத்தும் சிட்-டி மரபணு இருந்த சுமார் 2,900 எழுத்துத் துண்டு பக்கத்திலேயே இரட்டித்திருந்தது. புதிய பிரதி, ஆக்சிஜன் இருக்கும்போது இயங்கும் வேறொரு மரபணுவின் தூண்டுபகுதிக்குக் கீழே போய் அமர்ந்ததால் வேலை செய்யத் தொடங்கியது. உறைய வைத்திருந்த பழைய மாதிரிகளிலிருந்து மீண்டும் ஓட்டிப் பார்த்தார்கள். 20,000-ஆம் தலைமுறைக்குப் பிந்தைய மாதிரிகளிலிருந்து மட்டுமே திறன் மறுபடி தோன்றியது. அதாவது முன்னேற்பாடான வேறு மாற்றங்கள் ஏற்கெனவே சேர்ந்திருக்க வேண்டியிருந்தது. குருட்டாம்போக்கு என்பது மாற்றம் தோன்றும் முறைக்கு மட்டும்தான் பொருந்தும். எது தங்கும் என்பதை முந்தைய வரலாறும் தேர்வும் தீர்மானிக்கின்றன.

இதுவரை சொன்னதில் பயன் இருந்தது. பயனே இல்லாமலும் பாகங்கள் கூடும். 2012-இல் ஜோ தார்ன்டன் குழு வெளியிட்ட ஈஸ்ட் ஆய்வு எனக்குத் தெரிந்த தெளிவான நிரூபணம். செல்லுக்குள் அமிலம் ஏற்றும் வி-ஏ.டி.பி.ஏஸ் என்ற புரத எந்திரத்தில் ஒரு வளையம் உண்டு. பிற உயிர்களில் இது இரண்டு வகைப் புரதங்களால் ஆனது. பூஞ்சைகளில் மூன்று வகை, மூன்றில் எது இல்லாவிட்டாலும் எந்திரம் இயங்காது. பார்த்தவுடன் "மூன்றும் கட்டாயம், ஆகவே மேம்பட்ட வடிவமைப்பு" என்று தோன்றும். இன்றைய வரிசைகளை வைத்து ஆதிப் புரதத்தைக் கணித்து, செய்து, ஈஸ்ட்டில் போட்டார்கள். மூன்றாவது வகை பிறப்பதற்கு முந்தைய அந்த ஒற்றைப் புரதம், இன்றைய இரண்டின் வேலையையும் தனியாகவே செய்தது. நடந்தது என்னவென்றால், மரபணு இரட்டித்தபின் ஒரு பிரதி தன் ஒரு பக்க இணைப்பு முகத்தைக் கெடுத்துக்கொண்டது. மற்றது வேறொரு முகத்தைக் கெடுத்துக்கொண்டது. இப்போது ஒவ்வொன்றும் வளையத்தில் குறிப்பிட்ட இடத்தில் மட்டுமே பொருந்தும், எனவே இரண்டும் தேவை. புதுத் திறன் எதுவும் வரவில்லை. பழைய திறன் இரண்டாகப் பங்கு போய்விட்டது.

இதை ஆர்லின் ஸ்டோல்ட்ஸ்ஃபஸ் 1999-இல் நடுநிலைக் கட்டமைப்புப் பரிணாமம் என்ற கருத்தாகத் தொகுத்தார். இயங்குமுறை எளிது. தேவைக்கு மிஞ்சிய பாகம் ஒன்று தற்செயலாகச் சேர்கிறது. அது இருப்பதால் பழைய பாகத்தில் வரும் கேடு உடனே பாதிப்பதில்லை. கேடு நிலைபெற்றபின் புதிய பாகத்தைக் கழற்ற முடியாது. ஒரு பக்கம் மட்டும் சுழலும் பல்சக்கரம் இது. நம் செல்களில் இன்ட்ரான்களை, அதாவது மரபணுவின் இடையே வரும் புரதமாகாத துண்டுகளை, வெட்டி எடுக்கும் ஸ்ப்ளைசியோசோமில் 5 சிறு ஆர்.என்.ஏ.க்களும் 100-க்கு மேற்பட்ட புரதங்களும் இருக்கின்றன. அதன் மூதாதையாகக் கருதப்படும் பாக்டீரிய இன்ட்ரான்களோ தம்மைத்தாமே வெட்டிக்கொள்கின்றன. அவ்வளவு பெரிய எந்திரம் அதே வேலைக்கு எதற்கு என்று கேட்டால், ஒரு பகுதிக்கான விடை இந்தப் பல்சக்கரம்தான்.

இத்தகைய சேர்க்கைகள் எங்கே தங்கும் என்பதற்கு மைக்கேல் லிஞ்ச் ஒரு கணக்குத் தந்தார். ஒரு மாற்றத்தின் தீமை, 1-ஐப் பயனுறு இனத்தொகையின் (இனப்பெருக்கத்தில் உண்மையில் பங்கேற்கும் அளவைக் காட்டும் எண்) இருமடங்கால் வகுத்தால் வரும் அளவைவிடக் குறைவாக இருந்தால், தேர்வின் கண்ணுக்கு அது படாது. தற்செயல் நகர்வே முடிவு செய்யும். பாக்டீரியாவின் பயனுறு தொகை 10 கோடி என்ற வரிசையில் இருப்பதால் மிகச் சிறிய வீண்சுமையும் களையப்படும். நீண்டகால மனிதத் தொகை சுமார் 10,000-தான். எனவே 20,000-இல் ஒரு பங்குக்குக் குறைந்த தீமைகள் தப்பிவிடும். சுமார் 300 எழுத்து நீளமுள்ள ஆலு என்ற தாவும் துண்டு நம்மிடம் 10 லட்சம் பிரதிகளுக்கு மேல் குவிந்து, மரபணுத்தொகையில் ஏறத்தாழ பத்திலொரு பங்காகியிருப்பது இப்படித்தான். அவற்றில் சில பிறகு பயனுக்கு வந்தன. வந்தது பயனுக்காக அல்ல.

குறைதல் பக்கம் சான்று இன்னும் அதிகம். பூச்சிச் செல்லுக்குள் வாழும் கார்சொனெல்லா என்ற பாக்டீரியாவின் மரபணுத்தொகை 1,59,662 எழுத்து. தத்துப்பூச்சிக்குள் இருக்கும் நாசுயா என்ற பாக்டீரியாவில் 1.12 லட்சம். விருந்தோம்பி ஊட்டுவதைத் தானே செய்யத் தேவையில்லை; தேவையற்ற மரபணு கெட்டால் தண்டனையில்லை; பாக்டீரியாவில் நீக்கங்கள் சேர்க்கைகளைவிட அடிக்கடி நிகழ்வதால் கெட்டது மறைந்தும் போகிறது. சால்மன் மீனின் ஒட்டுண்ணியான ஹென்னெகுயா, ஜெல்லிமீன்களின் உறவினம். உடல் சில செல்களுக்குச் சுருங்கி, செல்லுக்கு ஆற்றல் தரும் உள்ளுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுத்தொகையையே இழந்திருப்பது 2020-இல் தெரிந்தது. மோனோசெர்கோமோனாய்டிஸ் என்ற ஒற்றைச் செல் யூகேரியோட் மைட்டோகாண்ட்ரியாவை முழுவதுமாக இழந்தது. அதற்கு முன், பல புரதங்கள் இயங்கத் தேவையான இரும்பு-கந்தகக் கொத்துகளைத் தயாரிக்கும் மாற்று வழியைப் பாக்டீரியாவிடமிருந்து பெற்றிருந்தது. அந்த வேலைக்காகத்தான் ஆக்சிஜன் இன்றி வாழும் உயிர்களும் ஒடுங்கிய மைட்டோகாண்ட்ரியாவை வைத்திருக்கின்றன. தேவை தீர்ந்ததும் உறுப்பு போய்விட்டது.

குறைதலும் கூடுதலும் ஒரே நிகழ்வாக வரும் விசித்திரமும் உண்டு. சிள்வண்டுக்குள் வாழும் ஹாட்ஜ்கினியா என்ற பாக்டீரியா, டெட்டிகேடிஸ் உண்டாட்டா என்ற இனத்தில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு வகையும் வேறுவேறு மரபணுக்களை இழந்துவிட்டதால், இரண்டும் சேர்ந்தால்தான் பழைய ஒன்றின் வேலை நடக்கும். தனித்தனியாகப் பார்த்தால் எளிமை. வண்டின் பக்கமிருந்து பார்த்தால், ஒரு கூட்டாளி இருந்த இடத்தில் இரண்டைப் பேண வேண்டிய சிக்கல். ஈஸ்ட் வளையத்தின் கதையே இங்கு முழு உயிர் அளவில் நடந்திருக்கிறது.

அடுக்கு ஏறுவது மட்டும் இவற்றிலிருந்து சற்று வேறு. பலசெல் நிலை 25 முறைக்கு மேல் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. முதல் படி அவ்வளவு கடினமில்லை. வில்லியம் ராட்கிளிஃப் குழு ஈஸ்ட் வளர்ப்பை நாள்தோறும் சற்று நேரம் அசையாமல் வைத்து, அடியில் வேகமாகப் படிந்ததை மட்டும் அடுத்த குடுவைக்கு மாற்றியது. 60 நாளுக்குள் பனித்துகள் வடிவக் கொத்துகள் மேலோங்கின. காரணம், ஏ.சி.ஈ.2 என்ற மரபணு கெட்டு மகள்செல் பிரியாமல் நின்றதே. இங்கும் ஓர் இழப்புதான் தொடக்கம். ஆக்சிஜன் இல்லாமல் வளர்த்தவற்றை 600 மாற்றல்கள்வரை, ஏறத்தாழ 3,000 தலைமுறை, ஓட்டியபோது அவை கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருத்தன. ஆக்சிஜன் கிடைத்தவை சிறியவையாகவே நின்றன. ஆழத்துச் செல்களுக்கு வாயு ஊடுருவாததால் பெருப்பது அங்கே நட்டம். முதல் படிக்கும், நரம்பும் தசையும் கொண்ட உடலுக்கும் இடையிலான தூரம்தான் கடினம். அதைக் கடந்தவை விலங்குகள், நிலத்தாவரங்கள், பூஞ்சைகள், சிவப்புப் பாசி, பழுப்புப் பாசி என்று விரல்விட்டு எண்ணக்கூடிய கிளைகள். யூகேரியோட் செல்லோ ஒரே முறைதான் தோன்றியதாகத் தெரிகிறது.

இது குறித்த ஆய்வுச் செய்திகளைப் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது, எளியதை ஆதியானது என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்களா என்பதை. மைக்ரோஸ்போரிடியா இதற்குப் பெரிய பாடம். இந்த ஒட்டுண்ணிகளில் மைட்டோகாண்ட்ரியா தென்படாததால் 1983-இல் தாமஸ் காவலியர்-ஸ்மித் இவற்றை யூகேரியோட்களின் ஆதிக் கிளையில் வைத்தார். ஆரம்பகால மரபணு மரங்களும் அப்படியே காட்டின. வேகமாக மாறும் வரிசைகள், உறவில்லாவிட்டாலும் மரத்தின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும் கணக்குப் பிழையே காரணம். பிறகு இவை பூஞ்சைகளின் உறவு என்று தெரிந்தது. 2002-இல் சுருங்கிய மைட்டோகாண்ட்ரிய எச்சமும் உள்ளேயே கிடைத்தது. இதே பிழை மரபணு இழப்புக் கணக்கிலும் வரும்: வேகமாக மாறிய மரபணுவைத் தேடும் நிரல் அடையாளம் காணாவிட்டால் "இழந்தது" என்று பதிவாகிவிடும். செல்வகைக் கணக்கில் எதிர்ப்பக்கச் சாய்வு. மனிதனையும் எலியையும் பார்க்கும் அளவு நுணுக்கமாக யாரும் கடற்பஞ்சைப் பார்ப்பதில்லை, ஆகவே நம் எண்ணிக்கை எப்போதும் ஊதியிருக்கும்.

விலங்கு மரத்தின் அடியில் இப்போது நடக்கும் விவாதமும் இதுவே. நரம்பில்லாத கடற்பஞ்சுதான் முதலில் பிரிந்தது என்பது பழைய படம். குரோமோசோம்களில் மரபணுக்கள் சேர்ந்திருக்கும் முறையை ஒப்பிட்ட 2023 ஆய்வு, நரம்பும் தசையும் உள்ள சீப்பு ஜெல்லிகளே முதலில் பிரிந்தவை என்றது. அது நிலைத்தால் இரண்டில் ஒன்றை ஏற்க வேண்டும்: நரம்பு இரு தடவை தனித்தனியாகத் தோன்றியது, அல்லது கடற்பஞ்சின் முன்னோர் அதை வைத்திருந்து இழந்தார்கள். ஆறே வகைச் செல்கள் அடையாளம் காணப்பட்ட டிரைக்கோபிளாக்ஸ் என்ற நரம்பில்லாத தட்டைக் கடல்விலங்குக்கும் சுமார் 11,500 மரபணுக்கள் உண்டு. நரம்புக்குத் தேவையான பல புரதங்கள் அவற்றில் அடக்கம். அவை வரப்போகும் நரம்புக்கான முன்பொருளா, போன நரம்பின் மிச்சமா என்பதை மரபணுப் பட்டியலை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. சீப்பு ஜெல்லியின் நரம்பு எந்த வேதிச்சைகைகளால் இயங்குகிறது, வளர்ச்சியில் எந்த மரபணுக்கள் அதை உருவாக்குகின்றன என்று நம்முடையதோடு படிப்படியாக ஒப்பிடும் வேலைதான் இப்போது நடந்துகொண்டிருக்கிறது.